எதிர்ப்பாற்றல் எந்த மூட்டையில் இருக்கிறது?

அடைமழைக் காலம் தொடங்கிவிட்டால் நம் கடைகளில் இரண்டு சங்கதிகள் தவறாமல் நடக்கின்றன. ஒன்று, பொட்டலம் கட்டும் தம்பி இருமிக்கொண்டே வேலைக்கு வருகிறார். இரண்டே நாளில் கல்லாவில் இருப்பவருக்கும் மூக்கு ஒழுகுகிறது. மற்றொன்று, வாடிக்கையாளர் வந்து நின்று, "அண்ணாச்சி, சளி பிடிக்காம இருக்க எதிர்ப்புச் சக்திக்கு என்ன இருக்கு?" என்று கேட்கிறார். 2020-ஆம் ஆண்டு கொரோனா வந்ததிலிருந்து இந்தக் கேள்வி நின்றபாடில்லை. கேட்பவருக்கு நாம் எதை எடுத்துக் கொடுக்கிறோம், என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பதில் நம் வியாபார நாணயம் அடங்கியிருக்கிறது. சட்டச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

சாதாரண ஜலதோஷம், இன்ஃப்ளுயன்சா, கொரோனா, தட்டம்மை எல்லாமே மூச்சுக்காற்று வழியாக நுழையும் வைரஸ் நோய்கள். நுழையும் வைரஸை முதலில் எதிர்கொள்வது மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் ஈரமான சவ்வு. அதிலுள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியோடு சேர்த்துக் கிருமியை வெளியே தள்ளுகின்றன. இந்தச் சவ்வு கெடாமல் இருக்க வைட்டமின் ஏ வேண்டும். அதையும் தாண்டி உள்ளே போகும் கிருமியை வெள்ளணுக்கள் எதிர்க்கின்றன. இன்ன கிருமி என்று தெரிந்ததும் அவை சில நாட்களுக்குள் மளமளவென்று பெருக வேண்டும். அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்பொருள் தயாராக வேண்டும். எதிர்ப்பொருள் என்பது புரதம்தான். அணுக்கள் பெருகுவதற்குத் துத்தநாகமும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் தேவை. கையிருப்பு இல்லாமல் தீபாவளி வியாபாரத்தைச் சமாளிக்க முடியுமா? உடம்பும் அப்படித்தான். காய்ச்சல் வந்தபின் பசியே இருக்காது. அந்த நேரத்தில் உடம்பு தன் சதையைக் கரைத்துத்தான் புரதத்தை எடுத்துக்கொள்கிறது. இருப்பு உள்ளவர் தாங்குவார். இல்லாதவர் படுத்துவிடுவார்.

இந்த இருப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் திருச்சி மாவட்டமே சாட்சி. அங்கே 15,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளை வைத்து ஓராண்டு நடந்த ஆய்வின் முடிவு 1990-இல் வெளியாயிற்று. வாரந்தோறும் சிறிய அளவில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு, பெறாதவர்களைவிட 54 சதவீதம் குறைவாக இருந்தது. இதற்கு முன்பே இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் ஆல்ஃபிரட் சோமர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவரும் அவர் குழுவினரும் இதே திசையைக் காட்டியிருந்தார்கள். தட்டம்மை கண்ட குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்வது இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் திருச்சி ஆய்வில் இன்னொரு விவரமும் உண்டு, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அந்தக் குழந்தைகளுக்குச் சளி, இருமல் வருவது குறையவில்லை. உயிரிழப்புதான் குறைந்தது. நோய் வருவதற்குப் போடும் தாழ்ப்பாள் அல்ல உணவு. வந்த நோய் ஆளைச் சாய்த்துவிடாமல் காப்பதில்தான் அதன் பங்கு பெரிது என்பதே என் கருத்து.

மளிகை மொத்த வியாபாரிகள் கவனிக்க வேண்டிய மற்றொரு ஆய்வு ஜார்க்கண்டில் நடந்தது. காசநோய் வைரஸால் வருவதல்ல, பாக்டீரியாவால் வருவது. ஆனாலும் மூச்சுவழி பரவும் நோய் என்பதால் இங்கே சொல்கிறேன். மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று நடத்த, சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையமும் பங்குகொண்டது. காசநோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அவ்வளவுதான். 10,000-க்கும் மேற்பட்டவர்களைக் கண்காணித்து 2023-இல் வெளியிட்ட முடிவின்படி, இந்தப் பை கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் பிடிப்பது 39 சதவீதம் குறைந்தது. நம் கிடங்கில் அடுக்கியிருக்கும் அதே அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும்தான் இதைச் செய்தன. எந்த டப்பாவிலும் 'எதிர்ப்பாற்றல்' என்று அச்சடித்திருக்கவில்லை.

குறை உள்ள இடத்தை நிரப்பினால் பலன் நிச்சயம் உண்டு. நிரம்பிய மூட்டையில் மேலும் திணித்தால் என்ன ஆகும்? வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்வோம். இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், 1970-இல் ஜலதோஷத்திற்கு வைட்டமின் சி என்று புத்தகமே எழுதினார். உலகமெங்கும் மாத்திரை விற்றது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் பார்த்தபோது, அன்றாடம் மாத்திரை சாப்பிட்டும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை என்று தெரிந்தது. பிடித்த சளி விடும் நாட்கள் மட்டும் பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் குறைந்தன. சளி பிடித்த பிறகு சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு அதுவும் உறுதியில்லை. கடுங்குளிரில் உழைக்கும் ராணுவ வீரர்கள், நெடுந்தூர ஓட்டக்காரர்கள் போன்றோருக்குத்தான் நல்ல பலன் தெரிந்தது. வைட்டமின் டி-க்கும் ஏறக்குறைய இதே கதைதான். 2017-இல் வந்த தொகுப்பாய்வு, கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு நன்மை அதிகம் என்றது. 2025-இல் இன்னும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பொதுவான பலன் தெளிவாகத் தெரியவில்லை. துத்தநாக மாத்திரையை மாதக்கணக்கில் அதிகமாக விழுங்கினால் உடம்பில் தாமிரம் குறைந்து வேறு கோளாறு வருகிறது.

மஞ்சளையும் மிளகையும் பற்றிச் சொல்லாவிட்டால் நம் ஈரோட்டு நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். மிளகிலுள்ள பைப்பரின், மஞ்சளின் குர்க்குமினை உடம்பு ஏற்கும்படி பல மடங்கு கூட்டுகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். ரசத்தில் இரண்டையும் சேர்த்த நம் பாட்டிமாருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் உடம்பு ஏற்றுக்கொள்வது வேறு, வைரஸைத் தடுப்பது வேறு. இரண்டாவதற்கு இன்னும் போதிய சான்று இல்லை. மேலும், நிறத்துக்காக லெட் குரோமேட் கலந்த மஞ்சளை விற்றால் உடம்பில் ஏறுவது ஈயம்தான்.

இங்கேதான் சட்டம் வருகிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 53-ஆம் பிரிவின்படி, உணவுப் பொருளைப் பற்றித் திசைதிருப்பும் விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். விளம்பரம் என்றால் டி.வி.யில் வருவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். அறிவிப்பு, சுற்றறிக்கை, லேபிள், உறை, ஏன், பில்லும் கூட அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் அடங்கும். 'கொரோனாவை விரட்டும் கஷாயப் பொடி' என்று அட்டையில் எழுதித் தொங்கவிடுபவர், கம்பெனிக்காரர் சொன்னார், எழுதினேன் என்று தப்பித்துக்கொள்ள முடியும் என்று நம்பி இருக்கக் கூடாது. "இது சத்தான பொருள், சாப்பிடுங்கள், மூச்சுத்திணறல் இருந்தால் டாக்டரிடம் போங்கள்" என்று சொல்லி விற்பதால் வியாபாரம் குறைந்துவிடாது.

ஊருக்கெல்லாம் பருப்பு விற்கும் நாம் என்ன சாப்பிடுகிறோம்? காலையில் டீ, பதினொரு மணிக்கு டீயும் வடையும், மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு: மலைபோலச் சோறு, குழம்பில் தேடினாலும் பருப்பு கிடைக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 54 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் துவரம்பருப்பில் 20 கிராமுக்கு மேல். வடைக்குப் பதில் ஒரு பிடி நிலக்கடலையோ பொட்டுக்கடலையோ கடையிலேயே இருக்கிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். விடிந்ததிலிருந்து இரவு வரை டியூப் லைட்டின் கீழ் இருக்கும் நமக்கு வெயில் படுவதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது சர்க்கரை. 2023-இல் வந்த கணக்கெடுப்பு ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் அதிக எடையும் உள்ளவர்களை இன்ஃப்ளுயன்சாவும் கொரோனாவும் கடுமையாகத் தாக்குகின்றன. உட்கார்ந்தே வியாபாரம் செய்பவருக்கு எந்த லேகியத்தையும்விட, சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டுவதுதான் எதிர்ப்பாற்றல். வயதானவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். அந்த இடத்தை உணவு நிரப்பாது.

கடைத் தம்பிகள் சாப்பாட்டிலும் நமக்கு அக்கறை வேண்டும். அமெரிக்காவில் 1995-இல் வெளியான ஓர் எலி ஆய்வில், செலினியம் என்ற தாதுச் சத்துக் குறைந்த எலிகளுக்குள் பெருகிய சாதுவான வைரஸ் ஒன்று கொடியதாக மாறிவிட்டது. பிறகு அது நன்றாகத் தின்ற எலிகளின் இதயத்தையும் தாக்கியது. எலியில் கண்டதை மனிதர்மேல் அப்படியே ஏற்றிச் சொல்லக் கூடாது. இருந்தாலும், ஒரே அறையில் பன்னிரண்டு மணி நேரம் சேர்ந்து மூச்சு விடுகிறவர்களில் ஒருவர் அரை வயிற்றோடு இருப்பது மற்றவருக்கும் நல்லதல்ல.

கடைசியாக, சரக்கு வைக்கும் முறை. கூட்டல் குறியும் 'எஃப்' எழுத்தும் கொண்ட முத்திரையுள்ள எண்ணெய்ப் பாக்கெட்டில் வைட்டமின் ஏ-யும் டி-யும் சேர்த்திருக்கிறார்கள். வைட்டமின் ஏ வெளிச்சத்திலும் சூட்டிலும் அழிந்துவிடும். ஆள் பார்க்கட்டும் என்று வாசலில் வெயில் படக் கட்டித் தொங்கவிட்டால், வாடிக்கையாளர் காசு கொடுத்த சத்து அவர் வீட்டுக்குப் போய்ச் சேராது. முன்னால் இரண்டு பாக்கெட்டைக் காட்சிக்கு வைத்துவிட்டு, மற்றதை அட்டைப்பெட்டியிலேயே உள்ளே நிழலில் வையுங்கள். முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள். அயோடின் உப்பையும் ஈரத்தரையில் அடுக்காமல் பலகை போட்டு அடுக்குங்கள்.