பூட்டனுக்கு எந்த நாள் திதி? மெடல் விளிம்புல இருந்த நம்பர்

இன்னைக்கு ஒரே ஒரு தேதியைத் தேடின கதை.

எங்க பூட்டன், அதாவது தாத்தாவோட அப்பா, ரெண்டாம் உலகப் போருக்குப் போனவர். தாத்தா அப்போ கைக்குழந்தை. "பர்மாவுல பாலம் கட்டப் போனாரு, வரல." எங்க வீட்ல இருந்த மொத்தத் தகவலும் இந்த ஒரு வரிதான். இறந்த நாள் தெரியாததால வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போய், தாமிரபரணியில தர்ப்பணம் கொடுப்போம். போன வருஷம் படித்துறையில இறங்கும்போது தாத்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டார்: "ஏல, கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பாக்கியே, எங்கப்பா செத்த தேதி அதுல இருக்காதா?"

இருக்க வாய்ப்பு இருந்துச்சு. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு உலகப் போர்லயும் இறந்த சுமார் 17 லட்சம் பேரோட பதிவு அவங்க இணையதளத்துல இலவசமா கிடைக்குது. ரெண்டாம் போர்ல மட்டும் இந்திய ராணுவத்துல இறந்தவங்க 87,000 பேருக்கு மேல. நிறையப் பதிவுகள்ல "இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர்"னு ஒரு குறிப்பும் இருக்கும். தேடுற முடிவை அப்படியே எக்செல் ஷீட்டா இறக்கிக்கலாம். ஒரு சாயங்காலத்துல முடிச்சிடலாம்னு நினைச்சேன். நாலு மாசம் ஆச்சு.

முதல் சிக்கல் பேர். பூட்டன் பேரை இங்க சொல்லல, இசக்கிமுத்து மாதிரி ஒரு பேர்னு வச்சுக்கோங்க. அதை இங்கிலீஷ்ல எழுதினது தமிழே தெரியாத ஒரு ராணுவ கிளார்க்கா இருக்கலாம். காதுல விழுந்ததை எழுதியிருப்பார். தொடக்கத்துல 'ஐ'யா 'ஈ'யா, 'கே' ஒண்ணா ரெண்டா, கடைசியில 'யூ'வா 'ஓ'வா? நம்மாளுக்குக் குடும்பப் பேரும் கிடையாது. அதனால ஒத்தப் பேரைத் தூக்கிக் குடும்பப் பேர் கட்டத்துல போட்டு, முன்பேரைக் காலியா விட்டிருப்பாங்க. நான் முன்பேர்ல தேடிக்கிட்டே ரெண்டு வாரம் ஓட்டினேன்.

ரெண்டாவது சிக்கல் ஊர். திருநெல்வேலி அப்போ டின்னெவெல்லி, பாளையங்கோட்டை பாளம்கோட்டா. தூத்துக்குடி 1986-லயும் தென்காசி 2019-லயும்தான் தனி மாவட்டம் ஆச்சு, அதுவரைக்கும் எல்லாம் டின்னெவெல்லிதான். ஆனா செங்கோட்டைக்காரங்க 1956 வரைக்கும் திருவிதாங்கூர்! ஸ்ரீவில்லிபுத்தூர் 1910-லயே ராமநாதபுரத்துக்குப் போயிடுச்சு. உங்க ஊர் அந்த வருஷம் எந்த மாவட்டத்துல இருந்துச்சுன்னு பாத்துட்டுத் தேடுங்க.

கொஞ்சம் கோட் எழுதி, உச்சரிப்பு ஒத்துப்போறதை வடிகட்டினேன். மூணு பேர் மிஞ்சினாங்க. அதுல ஒருத்தர் கச்சிதமாப் பொருந்தினார். அதே பேர், டின்னெவெல்லி மாவட்டம், 1942. ஆனா நினைவுச் சின்னம் சிங்கப்பூர்ல, கிராஞ்சியில. அந்தக் காலத்துல கடல் தாண்டினா எல்லாமே பர்மான்னு சொல்லியிருப்பாங்கன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். தாத்தாவுக்கு போன் போட நம்பரைக் கூட எடுத்துட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. ஆபீஸ்ல தப்பான மேட்ச் வந்தா ஒரு டிக்கெட் போட்டுச் சரி பண்ணிடலாம். இங்க தப்பினா, யாரோ ஒருத்தரோட திதியில எங்க தாத்தா எள்ளும் தண்ணியும் இறைச்சுக்கிட்டு இருப்பார்.

பேரை விட்டுட்டு நம்பரைத் தேடுன்னு எந்த டேட்டாபேஸ் ஆளும் சொல்வான். அந்த நம்பர் எங்க வீட்டு ட்ரங்குப் பெட்டியிலயே இருந்துச்சு.

போர் முடிஞ்சு சில வருஷம் கழிச்சுத் தபால்ல வந்த மெடல். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் ரெண்டு தலை டிராகன் மேல ஏறி நிக்கிற சிங்கம். 1939–45 போர் மெடல்னு பேரு. செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், ஆனா ஆச்சி வெள்ளின்னு நம்பி விபூதி போட்டுத் துடைச்சுத் துடைச்சு சிங்கத்தோட முகமே மழுங்கிடுச்சு. பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கொடுத்த இதே மெடல்ல பேர் இருக்காது. இந்திய ராணுவத்துக்கு வந்ததுல விளிம்பைச் சுத்தி நம்பர், பதவி, பேர், படைப்பிரிவு எல்லாம் பொறிச்சிருக்கும். நட்சத்திர வடிவ மெடலா இருந்தா பின்பக்கம் பாருங்க. போன் டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சதும் எழுத்து தெரிஞ்சுது. நம்பருக்கு அப்புறம் 'எஸ்.பி.ஆர்.', பேர், 'ஐ.இ.'. அதாவது சாப்பர், இந்தியன் எஞ்சினியர்ஸ். பாலம் கட்டப் போனார்னு சொன்னது நெசம்.

அந்த நம்பர் மிச்சமிருந்த ரெண்டு பேர்ல ஒருத்தரோட பொருந்திச்சு. பேர்ல ரெண்டு எழுத்து மாறியிருந்துச்சு, நம்பர் அச்சு அசல். 1945 ஏப்ரல். அவர் பேர் ரங்கூன் நினைவுச் சின்னத்துல இருக்கு. யாங்கோனுக்கு வடக்கே டவுக்யான் போர்க் கல்லறைக்குள்ள நிக்கிற அந்தச் சின்னத்துல, கல்லறை எதுன்னே தெரியாத கிட்டத்தட்ட 27,000 பேரோட பேர் இருக்கு. அந்தப் படையெடுப்புலதான், 1944 டிசம்பர்ல, கலேவாவுல சிந்துவின் ஆத்து மேல 1,100 அடிக்கு மேல நீளமான பெய்லி பாலத்தை எஞ்சினியர்கள் போட்டாங்க. அன்னைக்கு உலகத்துலயே நீளமான பெய்லி பாலம் அது. பூட்டன் அங்க இருந்தாரான்னு அவர் கம்பெனியோட போர் நாட்குறிப்பைப் பாத்தாத்தான் தெரியும். அந்தப் படைகளோட நாட்குறிப்புகள் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்துல, டபிள்யூ.ஓ. 172-ங்கிற வரிசையில இருக்கு. அது இன்னொரு செலவு.

உங்களுக்காக ரெண்டு விஷயம். உயிரோட திரும்பினவங்க இந்தத் தளத்துல வரமாட்டாங்க. அவங்களுக்குப் படைப்பிரிவோட ஆவண அலுவலகத்துக்கு எழுதணும். மெட்ராஸ் சாப்பர்ஸ்னா பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நீலகிரி வெலிங்டன். முதல் உலகப் போரா இருந்தா, பேர் இல்லைங்கிறதால ஆள் போகலன்னு முடிவு பண்ணிடாதீங்க. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள்னு குறைஞ்சது 1,16,000 பேரைப் பேரோட நினைவுகூராமலோ, அடியோடவோ விட்டுட்டோம்னு அந்த ஆணையமே 2021 அறிக்கையில ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டுச்சு.

தேதியைப் பஞ்சாங்கத்துல போட்டுப் பாத்தோம். பங்குனி, தேய்பிறை தசமி. காணாமப் போனவங்களுக்கு ராணுவம் குறிக்கிற தேதி சில சமயம் உத்தேசமாவும் இருக்கும்னு தாத்தாகிட்ட மறைக்காமச் சொன்னேன். அவர் அந்தப் பேப்பரைக் கண்ணாடி போட்டு ரெண்டு தடவை வாசிச்சார். இனிமே பங்குனிக்குக் கொடுத்துடலாமா தாத்தான்னு கேட்டேன்.

"கொடுப்போம். ஆடிக்கும் போவோம்ல. இத்தனை வருஷமும் அவரு அங்கதானல வந்துட்டுப் போயிருப்பாரு."