கீழாநெல்லியும் இரத்தப் பரிசோதனையும்

மழை ஓய்ந்த பிறகு நம் புதுக்கோட்டை மாவட்டத்து வயல் வரப்புகளிலும் கண்மாய்க் கரைகளிலும் ஒரு சிறு செடியைக் காணலாம். இலைகள் புளிய இலையைப் போலச் சிறியவை. காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கடுகை விடச் சற்றே பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். இதுதான் கீழாநெல்லி. வீட்டில் யாருக்கேனும் கண் மஞ்சளித்தால் இதை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பில்லாப் பத்தியமும் உண்டு. சில வாரங்களில் மஞ்சள் இறங்கிவிடும்.

இறக்கியது கீழாநெல்லிதானா? மாணவர்களே, கேட்பதற்கு எளிய கேள்விதான். விடை காண்பது அவ்வளவு எளிதன்று.

முதலில் அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஆயுள் முடிந்த சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் பொருள் உண்டாகிறது. இது நீல ஒளியை உட்கவர்வதால் நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. கல்லீரல் இதைப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடும். இரத்த நீரில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய பிலிருபின், 3 மில்லிகிராம் அளவுக்கு ஏறும்போது வெண்விழி மஞ்சளிக்கிறது. ஆகவே காமாலை என்பது ஓர் அறிகுறியே. ஏ, பி, ஈ எனப் பெயரிடப்பட்ட வைரஸ்கள், பித்தநீர்க் குழாயை அடைத்த கல், மது, சில மருந்துகள் என்று காரணங்கள் பல. கண்ணில் தெரியும் மஞ்சள் மட்டும் ஒன்றே.

சிறுவர்களுக்கு மிகுதியாக வருவது அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஏ வகை. பெரும்பாலோரிடம் இது சில வாரங்களில் தானாகவே நீங்கிவிடும். சூடான தேநீரை விசிறினால் ஆறும், விசிறாவிட்டாலும் ஆறும். விசிறி என்ன செய்தது என்று அறிய வேண்டுமானால், அதே சூட்டில் இன்னொரு குவளைத் தேநீரை விசிறாமல் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

அந்த இரண்டாவது குவளையைச் சென்னையில் வைத்துப் பார்த்தார்கள். எடுத்துக்கொண்டது பி வகை வைரஸ். இது சிலருடைய இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். தானாகப் போவது அரிது. ஆகவே சோதனைக்கு மிகவும் ஏற்றது. சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் ஒரு சாராருக்குக் கீழாநெல்லிப் பொடி அடைத்த கேப்சூலையும், மற்றவர்களுக்குப் பால்சர்க்கரை அடைத்த கேப்சூலையும் 30 நாட்கள் கொடுத்தனர். பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் இந்த ஆய்வில் பங்கு கொண்டார். 1988இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணப்படவில்லை. பால்சர்க்கரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு ஆயிற்று.

பாட்டி வைத்தியம் வென்றுவிட்டது என்று துள்ளத் தோன்றுகிறதா? சற்றுப் பொறுங்கள். 1990இல் தாய்லாந்தில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. வேறு சில நாடுகளில் செய்த ஆய்வுகளும் கைகொடுக்கவில்லை. செடி வேறா, மண் வேறா, வைரஸின் வகை வேறா என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. என்னைக் கேட்டால், சென்னை ஆய்வின் பெருமை இதனால் குறைந்துவிடாது. பிறர் செய்து பார்த்துத் தவறு காணும்படி அளவோடும் எண்ணோடும் எழுதி வைத்தார்களே, அதுதான் பெரிது.

இதே வழியில் சீனாவில் வெற்றி கிட்டியது. மலேரியாவுக்கு ஒரு மூலிகையை வேகவைத்துப் பார்த்தபோது பலன் நிலையாக இல்லை. அந்த மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி சுமார் 1600 ஆண்டுகளுக்கு முந்திய நூலொன்று கூறுவதைத் தூ யூயூ என்ற அம்மையார் கவனித்தார். வெப்பம் மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு 1971இல் சாற்றைப் பிரித்தார். கொதிநிலைப் பாடம் எங்கே உதவுகிறது பாருங்கள்! ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மருந்துக்காக 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, நம் வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் என்ன செய்வது? தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு ஒரே வளாகத்தில் இயங்குகிறது. முதலில் இரத்தத்தைச் சோதித்துக் காரணத்தை அறிந்து, அந்தச் சீட்டை இரு மருத்துவர்களுக்கும் காட்டலாம். எதை உண்கிறோம் என்பதை இருவரிடமும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கல் அடைத்த குழாயைக் கீழாநெல்லி திறக்காது. அந்தக் கல்லை அகற்றியாக வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கு ஈ வகை வந்தால், அதுவும் கடைசி மாதங்களில், உயிருக்கே ஆபத்து. வீட்டில் மோர் கலக்கிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை. காசநோய்க்கு மாத்திரை உண்பவருக்குக் காமாலை வந்தால் அந்த மாத்திரையே காரணமாக இருக்கக்கூடும். அதை நிறுத்துவதா மாற்றுவதா என்பதை, மருந்து கொடுத்த மருத்துவர் அன்றே பார்த்து முடிவு செய்ய வேண்டும்.