விதானத்தை மறைப்பதா, பெயர்ப்பதா?

வீட்டினுள் நின்று நிமிர்ந்து பார்த்தால் கண்ணிற்படும் கூரையின் உட்பரப்பை விதானம் என்பர். ஆதியில் இச்சொல் தலைக்கு மேலே கட்டும் துணிப்பந்தலைக் குறித்தது. பின்னரே கல்லாலும் மரத்தாலும் காரையாலும் அமைந்த மேற்பரப்புக்கும் அது பெயராகி வந்தது. தரையை நாள்தோறும் பெருக்குகிறோம். பொங்கல்தோறும் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். விதானத்தையோ, அதிலிருந்து ஏதேனும் உதிர்ந்து சோற்றுத் தட்டில் விழும் வரையில் நாம் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

விதானத்தை வழவழப்பாகப் பூசாமல், முத்து முத்தாகவும் அலை அலையாகவும் சொரசொரப்பாகப் பூசும் வழக்கம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேலை நாடுகளில் இது பெரிதும் பரவிற்று. பூச்சுக் கலவையைக் குழாயால் பீய்ச்சிவிட்டால் போதும். தளத்தின் மேடு பள்ளமும் வேலையின் குறையும் வெளியில் தெரியா. எதிரொலியும் சற்று அடங்கும். நம் நாட்டில் சிமெண்டும் மணலும், அல்லது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் கொண்டு இவ்வகைப் பூச்சு செய்கிறார்கள். கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையில் கடலோரமாக எழுந்துள்ள வீடுகளிலும், செங்கற்பட்டு நகரத்து வீடுகளிலும் இதனைக் காணலாம். சில ஆண்டுகள் சென்றபின் அம்முத்துகளில் ஒட்டடையும் தூசியும் படிகின்றன, துடைத்தால் கை கிழிகிறது, புதுமையும் போய்விடுகிறது. வீட்டுக்காரர் கொத்தனாரை அழைத்து, “இதை எடுத்துவிட எவ்வளவு ஆகும்? எடுக்காமல் மறைத்துவிட எவ்வளவு ஆகும்?” என்று கேட்கிறார்.

கேள்வி எளிது. விடையைச் சொல்லச் சிறிது கணக்கும், சிறிது இரசாயனமும் வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் விதானம் 120 சதுர அடி. அதாவது ஏறக்குறைய 11 சதுர மீட்டர். சாதாரணமாக விதானத்துக்கு 6 மில்லிமீட்டர் கனத்தில் சிமெண்டுப் பூச்சு பூசுவது வழக்கம். இந்தப் பூச்சு மட்டுமே சுமார் 130 கிலோகிராம் எடை உடையது. அதன்மேல் அலங்காரப் பூச்சு இன்னும் 10 மில்லிமீட்டர் இருக்குமானால் மொத்தம் 350 கிலோகிராமை எட்டும். ஒரு சிறிய அறையில் நம் தலைக்கு மேலே, ஐந்தாறு ஆட்களின் எடை ஒட்டிக்கொண்டிருக்கிறது! பெயர்ப்பது என்றால் இவ்வளவையும் உளியால் கொத்தி இறக்கி, சாக்கில் அள்ளி, வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்த வேண்டும். மதிப்பீடு எழுதுகிறவர்கள் கொத்தும் கூலியை மறவாமல் எழுதுவார்கள். அள்ளும் கூலியையும் வண்டி வாடகையையும் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

தலைக்கு மேலே கையை உயர்த்திச் செய்யும் வேலை எதுவாயினும் மெல்லத்தான் நடக்கும். சுவரில் ஒரு நாளில் முடிவது விதானத்தில் முடியாது. சாரம் கட்ட வேண்டும். அறையிலுள்ள பொருள்களை வெளியேற்ற வேண்டும். மின்கம்பிகளைக் காக்க வேண்டும். பின்பு மறுபடியும் பூசி, நனைத்து, உலரவிட்டு, வண்ணம் தீட்ட வேண்டும். மறைப்பதிலோ இவ்வளவு தொல்லை இல்லை. உலோகச் சட்டங்களைத் தளத்தில் திருகித் தொங்கவிட்டு, அவற்றில் ஜிப்சம் பலகைகளைப் பொருத்திவிட்டால் பொய்க்கூரை தயார். நம் அறைக்கு வேண்டிய பலகையும் சட்டமும் சேர்ந்து சுமார் 100 கிலோகிராம் இருக்கும். அறையின் உயரத்தில் அரையடி குறையும், மின்விசிறியின் தண்டை நீட்ட வேண்டும், அவ்வளவே. சில நாட்களில் வேலை முடிந்துவிடும். இதுவரையில் தராசு மறைப்பின் பக்கமே சாய்கிறது. ஊரில் பலரும் இந்த இடத்திலேயே கணக்கை நிறுத்திவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் மாமல்லபுரத்துக் கடற்காற்று தராசின் மறு தட்டில் அமர்ந்திருக்கிறது.

இன்றைய வீடுகளின் தளம் இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட்டால் ஆனது. சிமெண்டு இயல்பிலேயே காரத்தன்மை மிக்கது. அந்தக் காரத்தினுள் புதைந்திருக்கும் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகி, துரு ஏறாமல் காக்கிறது. கடற்காற்றில் மிதந்து வரும் உப்பிலுள்ள குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல மெல்ல உள்ளே சென்று கம்பியை அடையுமானால் அப்படலத்தைத் துளைத்துவிடுகிறது. அதற்குப்பின் ஈரமும் காற்றும் போதும், துரு தொடங்கிவிடும். இரும்பு துருவானால் அதன் பருமன் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். உள்ளே இடமில்லை, ஆகவே துரு கான்கிரீட்டைத் தள்ளுகிறது. கம்பி சென்ற வழியே விரிசல் விழுகிறது. பழுப்புக் கறை தோன்றுகிறது. இறுதியில் அடிப்பகுதி பாளம் பாளமாகக் கழன்று விழுகிறது. கட்டும்போதே உவர்நீரால் கலவை குழைத்திருந்தால், அல்லது கழுவாத கடல் மணலைச் சேர்த்திருந்தால், உப்பு வெளியிலிருந்து வரக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

இதனால்தான் இந்தியத் தர நிறுவனத்தின் கான்கிரீட்டு விதிநூல், கம்பிக்கு வெளியே எவ்வளவு கான்கிரீட்டு மூடியிருக்க வேண்டும் என்பதை இடத்துக்கு ஏற்ப வகுத்துள்ளது. 2000ஆம் ஆண்டின் பதிப்பின்படி, மிதமான சூழலில் குறைந்தது 30 மில்லிமீட்டர். கடலோரச் சூழலின் நேர்த்தாக்குதலுக்கு உட்பட்ட இடத்தில் 45 மில்லிமீட்டர். பழைய வீடுகளில் விதானத்தை உடைத்துப் பார்த்தால், ஒரு விரல் கனங்கூட மூடாமல் கம்பி தலைகாட்டும் இடங்கள் உண்டு. கொளவாய் ஏரிக்கரையிலுள்ள செங்கற்பட்டு வீட்டுக்கும், அலை ஓசை கேட்கும் மாமல்லபுரத்து வீட்டுக்கும் கொத்தனார் ஒரே விலை சொன்னாலும், அவ்விரு வீடுகளும் ஒரே வீடுகள் அல்ல.

உப்பின் வலிமையை அறிய மாமல்லபுரத்தில் வேறு சான்று தேட வேண்டியதில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயில் கருங்கல்லால் ஆனது. அக்கல்லின் முகத்தையே உப்பு தின்றிருக்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழை நீரில் ஊறவைத்துக் கல்லின்மேல் அப்பி, அது உலரும்போது கல்லிலுள்ள உப்பைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளச் செய்து, பின் அதனை உரித்தெடுக்கிறார்கள். அவர்கள் உப்பின்மேல் வேறொன்றைப் பூசி மறைக்கவில்லை, உப்பை வெளியே எடுக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் வீட்டு விதானத்துக்கு வருவோம். சொரசொரப்பான பூச்சு விரிசலை மறைக்கும். மெல்லிய கறையையும் மறைக்கும். அதன் கீழே பொய்க்கூரையும் வந்துவிட்டால், துரு தன் வேலையை யாரும் காணாமல் செய்யும். அதனினும் இன்னொரு தீங்கு உண்டு. பொய்க்கூரையின் எடையைத் தாங்கும் திருகாணிகள் எங்கே பதிகின்றன? கழன்றுகொண்டிருக்கும் அந்தக் கான்கிரீட்டின் அடிப்பாளத்திலேதான். ஒரு நாள் பாளமும் பலகையும் சேர்ந்து விழும். கீழே தொட்டில் இருக்கலாம்.

செலவுக் கணக்கும் அப்போது தலைகீழாகிறது. மறைத்த செலவு முழுவதும் வீண். அதனைக் கழற்றும் கூலி தனி. அதன்பின் முன்பே செய்திருக்க வேண்டிய பெயர்ப்பு வேலை. அதற்கும் மேல், கம்பியைச் சுற்றிலும் கான்கிரீட்டைக் கொத்தித் துருவைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும்படி துலக்கி, காப்புப் பூச்சு கொடுத்து, உரிய கலவையால் மூட வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். அதுவரை தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பொறியாளர் வந்து பார்க்காமல் இதைச் செய்தல் ஆகாது. டி சிட்டர் என்னும் பொறியியல் அறிஞர் 1984இல் ‘ஐந்தின் விதி’ என்று ஒன்றைக் கூறினார். கட்டும்போது ஒரு ரூபாயில் செய்யத்தக்கதை விட்டுவிட்டால், கேடு தொடங்குமுன் காக்க ஐந்து ரூபாயும், தொடங்கியபின் செப்பனிட இருபத்தைந்தும், முற்றியபின் புதுப்பிக்க நூற்றிருபத்தைந்தும் ஆகும் என்பது அதன் சாரம். இது துல்லியமான அளவு அன்று; ஆயினும் பெருக்கம் எந்தத் திசையில் செல்கிறது என்பதை நன்றாகக் காட்டுகிறது.

செங்கற்பட்டின் பழைய தெருக்களில் வேறொரு வகை விதானம் உண்டு. அது மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மச்சு. தேக்கு உத்திரங்களின்மேல் சிறு கட்டைகளைப் பரப்பி, ஓரங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் சாய்வாகக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து நாட்கணக்காக அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்துச் செய்வது. கடலோரத்தில் கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பே இதற்குச் சிறந்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. ஈரத்தை வாங்கவும் விடவும் அதற்குத் தெரியும். இத்தகைய மச்சில் கட்டைகள் தெரிவது அழகில்லை என்று கருதிப் பலகையால் மறைக்கிறவர்கள், கறையானுக்கு இருட்டறை கட்டிக் கொடுக்கிறார்கள். உதிர்ந்த சுண்ணாம்பைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்டு பூசுகிறவர்களோ, ஈரம் வெளியேறும் வழியை அடைத்துக் கட்டையின் தலையை உளுக்கச் செய்கிறார்கள். எனக்குத் தோன்றுவது, மச்சு வீட்டின் விதானத்துக்குக் கட்டையும் செங்கல்லும் தெரிவதே தக்க அணி. அதை வாடகைக்கு எடுத்த முகமூடியால் மூடுவானேன்?

இவ்வளவும் கேட்டபின், மறைப்பது எப்போதுமே தவறு என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடலாகாது. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் காலத்து ஓவியம் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேற்பூச்சு இருந்தமையால் கீழ்ப்பூச்சு பிழைத்தது. வீடுகளிலும் மறைப்பே நன்மையாகும் இடம் ஒன்று உண்டு. அது கல்நார்.

கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் நெருப்புக்கு அஞ்சாத நார்வகைக் கனிமம். மேலை நாடுகளின் சொரசொரப்பான விதானப் பூச்சுகள் பலவற்றில் இதைக் கலந்திருந்தார்கள். இதன் நுண்ணிழைகள் மூச்சில் சென்று நுரையீரலில் தங்கினால், இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோய் தோன்றும். அமெரிக்க அரசு இதனைப் பீய்ச்சிப் பூசுவதை 1973இல் ஒரு பகுதியும், அலங்காரப் பூச்சுக்கு 1978இலும் தடுத்தது. பிரிட்டன் கல்நாரின் எஞ்சிய வகையையும் 1999இல் விலக்கியது. அந்நாடுகளில் பழைய விதானத்தைச் சுரண்டுமுன் ஒரு துணுக்கைச் சோதனைச்சாலைக்கு அனுப்புகிறார்கள். கல்நார் இருப்பதாகத் தெரிந்தால், பூச்சு உறுதியாக இருக்கும் வரையில் அதைத் தொடாமல் மூடிவிடுவதே பெரும்பாலும் மலிவும் நலமும் ஆகும். பெயர்க்க நேர்ந்தால் பயிற்சி பெற்றவர்கள் அறையை அடைத்து, நனைத்து, முகக்கவசம் அணிந்து செய்ய வேண்டும்; செலவு பன்மடங்காகும்.

நம் பகுதியில் கல்நார் பூச்சாக இருப்பதைக் காட்டிலும் கூரைத் தகடாக இருப்பதே மிகுதி. கல்நார்ச் சிமெண்டுத் தகடு வேய்ந்த வீடுகளிலும் கொட்டகைகளிலும் வெப்பம் தாங்காமல் கீழே பலகையோ தெர்மாகோலோ அடிக்கிறார்கள். அடிப்பதில் தவறில்லை, அதற்காகத் தகட்டைத் துளையிடுவதும் அறுப்பதும் காய்ந்த நிலையில் உடைத்துத் தள்ளுவதுமே தீது. தெர்மாகோல் எளிதில் தீப்பற்றும் என்பதும் நினைவிருக்கட்டும். கல்நார்த் தொழிலாளர் பற்றிய வழக்கில் 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அவனது வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. கூலிக்கு வந்து நம் கூரையை உடைக்கும் சித்தாளும் அத்தீர்ப்பில் அடங்குவார் அல்லரோ? கல்நார் இல்லாத சிமெண்டுப் பூச்சையும் உலர்ந்தபடியே சுரண்டினால் மணற்றூள் நுரையீரலைக் கெடுக்கும். ஒரு வாளி நீரும் ஒரு நல்ல முகக்கவசமும் மதிப்பீட்டில் சேரத்தக்க செலவுகளே.

ஆகவே, மறைப்பதா பெயர்ப்பதா என்பதற்கு முன், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் செலவு ஒன்று இருக்கிறது. அது மிகச் சிறியது. சுத்தியலின் மரக்கைப்பிடியால் விதானத்தை அடிக்கு அடி தட்டிக் கேட்கலாம். உறுதியான இடம் கெட்டியான ஒலி தரும். கழன்ற இடம் பொள்ளென்று ஒலிக்கும். அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, இரண்டு மூன்றை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கொத்திக் கம்பியைப் பார்க்கலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கே கசிகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, மாசி பங்குனியில் வேலையைத் தொடங்கலாம். மேலே மொட்டைமாடியின் ஒழுக்கை அடைக்காமல் கீழே செய்யும் எவ்வேலையும் நில்லாது. ஆதலால் அச்செலவு மதிப்பீட்டின் முதல் வரியில் வர வேண்டும். தட்டிய இடமெல்லாம் கெட்டியாக ஒலித்து, கறையும் கசிவும் இன்றி, கம்பியும் கறுத்த இரும்பாகவே இருக்குமானால், அந்த வீட்டுக்காரர் விரும்பினால் மறைக்கலாம்; விரும்பாவிட்டால், அந்தச் சொரசொரப்பின்மேலேயே மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்துச் சமன் செய்து, மிச்சப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.