பட்டியலில் உள்ளது படத்தில் இருக்க வேண்டும்

தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு எமது பெண்களுக்குப் புதிய விடயமல்ல. மணலை நீளமாகக் குவித்து, அதற்குள் ஒரு குச்சியை ஒளித்து வைத்து ஆடும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தைச் சிறுவயதில் ஆடாதவர்கள் எம்மில் குறைவு. குமுதம் வந்த வீடுகளில் கதையைப் படிக்கும் முன்னர் ஆறு வித்தியாசங்களைத் தேடிய அக்காமாரும் இருந்தார்கள். இதே தேடல்தான் இப்போது கணினிக்குள்ளும் கைத்தொலைபேசிக்குள்ளும் புகுந்திருக்கிறது. துப்பாக்கிச் சண்டை, கார் ஓட்டம் என்று ஆண்பிள்ளைகள் ஆடும் விளையாட்டுகள் பற்றி நிறைய எழுதப்படுகின்றது. வீட்டு வேலை முடித்துவிட்டுப் பெண்கள் ஆடும் இந்த விளையாட்டுப் பற்றி அவ்வளவாக எழுதப்படுவதில்லை. பெண்கள் செய்வது எதுவாக இருந்தாலும் 'பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிடும் வழக்கம் இதிலும் தொடர்கிறது எனலாம்.

ஆட்டம் இதுதான். திரையில் ஓர் அறை தெரியும். பழைய சமையலறையாக இருக்கலாம், பரணாக இருக்கலாம். அதற்குள் நூறு சாமான்கள் குவிந்து கிடக்கும். கீழே பத்துப் பன்னிரண்டு பெயர்கள் கொண்ட பட்டியல் இருக்கும். சாவி, சீப்பு, குடை, கத்தரிக்கோல். ஒவ்வொன்றாகத் தேடித் தொட வேண்டும். தொட்டதும் பட்டியலில் அந்தப் பெயர் அழிந்துவிடும். தடுமாறினால் உதவிக் குறிப்பைக் கேட்கலாம். பட்டியல் முழுவதும் தீர்ந்தால் ஒரு கதவு திறக்கும், அல்லது ஒரு கடிதத் துண்டு கிடைக்கும். கதை நகரும்.

இவற்றுள் பெயர்பெற்றது 'மிஸ்டரி கேஸ் பைல்ஸ்' என்ற தொடர். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கப்பட்ட பிக் பிஷ் கேம்ஸ் என்ற நிறுவனம் 2005இல் இதன் முதல் ஆட்டத்தை வெளியிட்டது. ஆனால் தொடரை நிலைநிறுத்தியது 2006இல் வந்த 'ரேவன்ஹார்ஸ்ட்' ஆகும். ஆசிரியையாக வேலை செய்ய இங்கிலாந்துக்கு வந்த எம்மா என்ற பெண்ணின் கதை அது. சார்ள்ஸ் டாலிமார் என்பவன் அவளை மணக்கக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். அந்த மறுப்பை ஏற்க முடியாத அவன் அவளைச் சிறைப்படுத்துகிறான். அவள் இறந்த பின்னரும் அவளது ஆன்மா, விசித்திரமான இயந்திரப் பூட்டுகள் போட்ட அந்த மாளிகைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கிழிந்த நாட்குறிப்புப் பக்கங்களைத் தேடிச் சேர்த்து, பூட்டுகளைத் திறந்து, அவளை விடுவிப்பதுதான் ஆடுபவரின் வேலை. 2008இல் வந்த அடுத்த பாகத்தில் ரோஸ் என்ற தாயும் அவளது இரட்டைப் பெண்பிள்ளைகளும் அதே மனிதனால் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களையும் விடுவிக்க வேண்டும்.

பேய், ஆன்மா என்று மாயமாக இருந்தாலும், கதையின் அடியில் இருப்பது 'வேண்டாம்' என்று சொன்ன பெண்ணுக்கு நடப்பது. இது சியாட்டிலுக்கும் ஹல்துமுல்லைக்கும் பொதுவானது.

இந்த விளையாட்டு பெரகலைக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் பாதை, பெரகலைச் சந்தியில் ஒரு பக்கம் அப்புத்தளைக்கு ஏறுகிறது, மறுபக்கம் கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குகிறது. காலையில் கீழே சமவெளி முழுவதும் தெரியும். மத்தியானத்துக்குள் பனிமூட்டம் வந்து பக்கத்து லயம்கூடத் தெரியாமற் போகும். இங்கே நான் வேலை செய்யும் பெண்கள் குழுவில் கொழுந்து எடுப்பவர்களும், மத்திய கிழக்கில் வீட்டுப்பணி செய்துவிட்டுத் திரும்பியவர்களும், வன்னியிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். 1977, 1983 கலவரங்களில் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போன குடும்பங்கள் பல. போன இடத்திலும் யுத்தம் அவர்களைத் துரத்தியது. 2009க்குப் பின்னர் சிலர் இருக்கும் உறவைத் தேடித் தோட்டத்துக்கே திரும்பி வந்தார்கள். மலையகத்தில் யுத்தம் நடக்கவில்லைதானே என்று சொல்பவர்கள் இவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

கட்டாரில் வேலை செய்த ஒரு தங்கைக்கு அவளது எஜமானியின் பிள்ளைகள் ஒரு பழைய மடிக்கணினியைக் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குள் இந்த ஆட்டங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் அதைச் சுற்றி உட்காருவார்கள். பட்டியல் ஆங்கிலத்தில் என்பதால் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வாசித்துச் சொல்லும். மாதக்கணக்கில் நடத்திய ஆங்கில வகுப்பில் வராத சொற்கள் இங்கே தானாக வந்தன. கத்தரிக்கோலுக்கு 'சிசர்ஸ்' என்று ஒரு பாட்டி அதட்டிச் சொல்கிறார். தமிழில் இப்படி ஒன்று இருந்தால் என்ன என்று கேட்டார்கள். தேடும் ஆட்டமாக இல்லாவிட்டாலும், தமிழ்ப் பெண் ஒருத்தியின் வாழ்க்கையைச் சொல்லும் 'வெண்பா' என்ற விளையாட்டை டொரொன்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாய், தன் அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகத்தில் விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். அதைச் சொன்னதும் எல்லோருக்கும் அதுவே வேண்டும் என்றாகிவிட்டது. அது எங்களிடம் இல்லை.

இனிப் பிரச்சினைக்கு வருவோம். 2011இல் 'எஸ்கேப் பிரம் ரேவன்ஹார்ஸ்ட்' என்ற பாகம் வெளிவந்தபோது, அதுவரை தொடரை நேசித்து ஆடியவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். காரணம் இரண்டு. முதலாவது, வழக்கமான பட்டியலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சாமான் வேறொன்றாக மாறும். எது மாறுகிறது என்று கண்ணிமைக்காமல் கவனித்துப் பிடிக்க வேண்டும். இரண்டாவது, கதை எம்மாவை விட்டுச் சார்ள்சிடம் போய்விட்டது. அவனது பிறப்பு, சிறுபராயம் என்று அவன் வாழ்க்கையின் ஊடாக ஆடுபவர் நடந்து செல்கிறார். காட்சிகளும் முன்னையவற்றை விட அருவருப்பும் பயமும் ஊட்டுபவை. இதுதான் தொடரிலேயே துணிச்சலானது என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள். நாங்கள் ஆறுதலாகத் தேடத்தானே வந்தோம், எங்களை ஏன் இப்படி வதைக்கிறீர்கள் என்று மற்றவர்கள் கோபப்பட்டார்கள். பயந்தாங்கொள்ளிகள் என்று அவர்களைத் தள்ளிவிடுவது சுலபம்.

எங்கள் குழுவிலும் இதே பிரிவு வந்தது. அதற்கு அமெரிக்க இரசிகைகள் யாரும் சொல்லித்தரவில்லை.

வன்னியிலிருந்து திரும்பிய ஓர் அம்மா முதல் பாகத்தை இரண்டு தடவை முழுமையாக முடித்தவர். 2011ஆம் ஆண்டுப் பாகத்தை அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். நிலத்தடி இருட்டுக் காட்சி அவருக்கு பங்கரை நினைவூட்டியிருக்கலாம் என்று நினைத்து நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னது வேறு. "அது இல்ல மிஸ். பட்டியல் இல்லாட்டி எங்க நிப்பாட்டுறதுன்னு எப்படித் தெரியும்? மத்ததுல கேட்டது இருக்கும். படத்துக்குள்ள இல்லாததத் தேடச் சொல்ல மாட்டாங்க. அதுதான் எனக்குப் புடிச்சிருந்துச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "நாங்களும் எத்தன எடத்துல பேர் எழுதிக் குடுத்தோம், ஒரு பேராச்சும் வெட்டுப்பட்டுச்சா?" என்றார்.

அவருடைய மகன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவன். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த தாய்மாரின் கைகளில் இருந்த படங்களைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, தானும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தவர். தேடினால் கிடைக்கும் என்ற உத்தரவாதம் அவருக்கு ஒரு திரைக்குள் மட்டும்தான் இருந்தது. அந்த உத்தரவாதத்தை விளையாட்டும் எடுத்துவிட்டால் அவர் எதற்காக ஆட வேண்டும்? சமூகவியல் படித்த காலத்தில் இப்படியான ஆட்டங்களை நிஜத்திலிருந்து தப்பி ஓடுதல் என்று எழுதியிருப்போம். இந்த அம்மா எதிலிருந்தும் தப்பி ஓடவில்லை. இரண்டு தேடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்.

ஆனால் கொஸ்லந்தைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு சகோதரி இதற்கு நேர்மாறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை வாசகிகள் மறந்திருக்க மாட்டீர்கள். உறவினர் வீட்டைத் தேடிப் பின்னர் அங்கே போனவர் இவர். "பட்டியலெல்லாம் பொய் அக்கா. எது வீடு, எது ரோடுன்னே தெரியல. ஒரு துணியத் தூக்கினா அது துணியில்ல, வேர். இந்த ஆட்டத்துலதான் அப்படி மாறுது. இதச் செஞ்சவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு." அவர் அதைக் கடைசிவரை ஆடினார். அது தன்னை வருத்தவில்லை என்றும், யாரோ தன்னை நம்பியது போல இருந்தது என்றும் சொன்னார்.

சார்ள்ஸ் விடயத்தில் எனது கருத்தை மறைக்க வேண்டியதில்லை. அடிக்கும் கணவனைப் பற்றி முறையிட வரும் பெண்ணோடு வரும் உறவினர்கள் முதலில் சொல்வது, "அவனும் சின்ன வயசுல கஷ்டப்பட்டவன்" என்பதுதான். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்த வாக்கியத்தோடு பேச்சு அவன் பக்கம் திரும்பிவிடும், அடிபட்டவள் மூலையில் இருப்பாள். இரண்டு பாகங்களில் பெண்களை விடுவித்த தொடர், மூன்றாவதில் அவர்களை விட்டுவிட்டு அடைத்தவனின் தொட்டிலைக் காட்டியது எனக்கும் உறுத்தியது. இதைச் சொன்னதும், கணவனைப் பிரிந்து பத்து ஆண்டுகளாகத் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், எனக்கு ஒரு மகன் இருக்கான். பன்னெண்டு வயசு. அவங்கப்பா மாதிரியே கோவம் வருது. அவன் எப்படி அப்படி ஆனான்னு நான் தெரிஞ்சுக்க வேணாமா?" என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. தொட்டிலைக் காட்டுவது குற்றத்தைக் குறைக்கிறதா, அடுத்த குற்றத்தைத் தடுக்கிறதா என்பது யார் பார்க்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. அவள் பார்ப்பதற்கும் முறையீட்டை மழுப்ப வரும் மாமனார் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

அன்று பேச்சு அங்கே நிற்கவில்லை. எம்மாவை விடுவிக்கத் துப்பறிபவர் வருவது அவள் இறந்து பல காலத்தின் பின்னர். எம்மிடம் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தானாகவோ பொலிஸ் ஊடாகவோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கத்தை அன்று நான்கு பேர் தங்கள் போனில் பதிந்துகொண்டார்கள். ஒருத்தி அதற்கு 'எம்மா' என்று பெயர் போட்டிருக்கிறாள். கணவன் பார்த்தாலும் விளங்காதாம்.

இந்த ஆட்டம் உளவளத்துணைக்கு மாற்றீடு என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இடிச் சத்தம், கதவு அடிபடும் சத்தம் என்று திடீர்ச் சத்தங்கள் இதில் நிறைய வருகின்றன. ஷெல்லடிக்குள் இருந்து வந்தவர்கள் ஒலியை முற்றாகக் குறைத்துவிட்டு ஆடுவது நல்லது. தனியாக இரவில் ஆடுவதை விடக் கூட்டமாகப் பகலில் ஆடுவது நல்லது. நித்திரை கெட்டால் நிறுத்திவிட வேண்டும்.

2015இல் இதே நிறுவனம் ரேவன்ஹார்ஸ்ட் கதையை மேலும் இரண்டு பாகங்களாக நீட்டியது. இரசிகைகள் சண்டை பிடித்தாலும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை என்பது தெரிகிறது. எங்கள் குழுவிலும் ஓர் ஒழுங்கு ஏற்பட்டிருக்கிறது. ஞாயிறு பின்னேரம் முதல் ஒரு மணித்தியாலம் பட்டியல் உள்ள ஆட்டம், அதன் பின்னர் மற்றது. வன்னி அம்மா மூன்றாவது தடவையாக எம்மாவின் வீட்டுக்குள் இருக்கிறார். வாசித்துச் சொல்லும் பிள்ளை இப்போது அவருக்குத் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு, மூடுபனி இறங்க முதல் பஸ்ஸைப் பிடிக்கச் சந்திக்குப் போய்விடுவார். கொஸ்லந்தைச் சகோதரி நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார்.