அடுத்தவர் பாக்கெட்டைப் பார்த்து நம் பாக்கெட்டை அச்சிடலாமா?

அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் பெற்று மசாலாத்தூள், சாம்பிராணி, சோப்புத்தூள், பேரீச்சம்பழ பாக்கெட் என்று சிறுதொழில் தொடங்கும் சகோதர சகோதரிகள், சரக்கு தயாரானதும் போய் நிற்கும் இடம் டிசைன் போடும் கடை. அங்கே பெரும்பாலும் கிடைக்கும் யோசனை இதுதான்: "நல்லா ஓடுற கம்பெனி கவர் மாதிரியே போட்டுடலாம், பேரை மட்டும் மாத்திக்கலாம்." பெயர்தான் வேறாயிற்றே, இதில் என்ன தவறு என்று எங்களிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். பெயர் வேறாக இருந்தாலும் தவறுதான். சட்டத்திலும் தவறு, மார்க்கத்திலும் தவறு.

வணிகக்குறி என்றால் பெயரும் முத்திரையும் மட்டும் என்று நினைக்கிறோம். 1999-ம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பர் 15) பொருளின் வடிவம், அதன் உறை, நிறங்களின் சேர்க்கை ஆகியவற்றையும் வணிகக்குறி என்றே கொள்கிறது.

இதன் நியாயம் புரிய நம் பகுதிக் கடைகளைப் பார்த்தாலே போதும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்து மளிகைக் கடைக்கு வருகிறார்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் படிக்க வராது, ஆங்கிலமும் வராது. விரலை நீட்டி அந்தச் சிவப்பு பாக்கெட் என்று காட்டுவார்கள். கண்ணாடி இல்லாமல் கடைக்குப் போகும் நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான், கடைக்கு அனுப்பும் பிள்ளைகளும் அப்படித்தான். நிறத்தை நம்பி வாங்குகிறவரை நிறத்தால்தான் ஏமாற்ற முடியும்.

1972-ல் உச்சநீதிமன்றம் தீர்த்த பார்லே பிஸ்கட் வழக்கு இந்த விஷயத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பார்லேயின் குளுக்கோ பிஸ்கட் உறையில் ஒரு பண்ணை வீட்டு முற்றம். நடுவில் தண்ணீர் வாளியோடு ஒரு பெண், சுற்றிலும் மாடுகள், கோழிகள். மைசூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் தன் குளுக்கோஸ் பிஸ்கட் உறையிலும் ஒரு பெண்ணைப் போட்டது. இவள் தலையில் புல்லுக்கட்டு, கையில் அரிவாளும் சோற்று மூட்டையும். மாடும் கோழியும் இங்கேயும் உண்டு. கீழ் நீதிமன்றமும் மைசூர் உயர்நீதிமன்றமும் பார்லேயின் வழக்கைத் தள்ளிவிட்டன. வாளி வேறு, புல்லுக்கட்டு வேறு அல்லவா!

உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எண்ணுவது சரியான வழி அல்ல என்றது. இன்று ஒன்றைப் பார்த்தவர், வேறொரு நாள் மற்றதைப் பார்த்தால் முன்பு பார்த்ததே இது என்று எண்ணிவிடுவாரா என்பதே கேள்வி. பாக்கெட்டின் அளவும் நிறமும் ஏறக்குறைய ஒன்று. அந்தப் பெண் கையில் என்ன வைத்திருந்தாள் என்று எவர் நினைவில் வைத்திருப்பார்? பார்லே வென்றது.

2003-ல் டெல்லி உயர்நீதிமன்றம், கோல்கேட் பல்பொடிக்கும் ஆங்கர் பல்பொடிக்கும் நடந்த வழக்கில் டப்பாவின் சிவப்பு-வெள்ளை அமைப்பையே பாதுகாத்தது. எழுதப் படிக்கத் தெரியாத வாங்குபவர் அதைப் பார்த்துக் குழம்புவாரா என்பதைத்தான் அங்கும் அளவுகோலாக வைத்தார்கள். ஏழையின் கண்ணால் பார்க்கச் சொல்லும் சட்டங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்ததை அறிவோம். அங்கே மறைக்கப்பட்டது ஈரம். இங்கே மறைக்கப்படுவது தயாரித்தவர் யார் என்பது.

"நானும் பதிவு செய்துவிட்டேன்" என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பெயர் அடங்கிய குறியைத் தாமும் பதிவு செய்திருப்பதாக வேறொரு வியாபாரி வாதாடினார். முதலில் இருந்து அந்தப் பெயரைப் பயன்படுத்தி நற்பெயர் சம்பாதித்தவரின் உரிமையே பதிவைவிட மேலானது என்று 2015-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவே செய்யாத சிறு வியாபாரிக்கும் இந்த உரிமை உண்டு. பழைய பில்களைத் தூக்கி எறியாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் பயப்படவும் வேண்டாம். 'மேஜிக் மசாலா' என்ற சொல்லுக்காக ஐடிசி நிறுவனம் நெஸ்லே மீது தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2020-ல் தள்ளுபடி செய்தது. வியாபாரத்தில் எல்லோரும் பயன்படுத்தும் புகழ்ச்சிச் சொல் ஒருவருக்கே சொந்தமாகாது. மஞ்சள்தூள் பாக்கெட்டில் மஞ்சள் நிறம் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. நிறம், எழுத்து, படம், அமைப்பு எல்லாம் சேர்ந்து ஒரே சாயலாகும்போதுதான் சிக்கல்.

சிக்கல் வந்தால் எப்படி வரும் என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பைக் கேட்காமலே நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க முடியும். ஆணையர் ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்து சரக்கையும் கவர்களையும் கைப்பற்றலாம். பதிவு பெற்ற நிறுவனம் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. கவரைப்பேட்டையில் மசாலா அரைப்பவர் வெளிமாநில நீதிமன்றத்துக்கு அலைய நேரலாம். குற்ற வழக்கானால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

விற்கும் கடைக்காரருக்கும் இதே தண்டனைதான். ஆனால் அவர் உரிய கவனம் எடுத்திருந்தார், சந்தேகிக்கக் காரணம் இல்லை, யாரிடம் வாங்கினார் என்ற விவரத்தைக் கேட்டதும் கொடுத்தார் என்றால் தப்ப வழி உண்டு. பில் இல்லாமல் வேனில் வந்து இறக்கும் சரக்கை வாங்குகிறவர் அந்த வழியைத் தானே அடைத்துக்கொள்கிறார்.

நம் சொந்த டிசைனை மற்றவர் காப்பியடிக்காமல் காக்கவும் இதே சட்டம்தான். இணையம் வழியே விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். மசாலா 30-ம் வகுப்பு, சோப்பும் சாம்பிராணியும் 3-ம் வகுப்பு. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். சென்னைப் பதிவகம் கிண்டியில் இருக்கிறது. பெயரை மட்டும் அல்லாமல் முழு லேபிளையும் நிறத்தோடு பதிவு செய்வது நல்லது.

அச்சு சிலிண்டருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. ஆகவே அதற்கு முன், உங்கள் டிசைனையும் அதே சரக்கில் கடையில் அதிகம் விற்கும் இரண்டு மூன்று பாக்கெட்டுகளையும் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் ஒன்றை இன்றும் மற்றதை மறுநாளும் காட்டிப் பார்ப்போம்.