இரண்டு சபைகள்

மேடைப் பகிடிக்கு இரண்டு சபைகள் உண்டு. ஒன்று, டிக்கெட் எடுத்து மண்டபத்தில் இருப்பது. மற்றது, வெட்டி எடுத்த வீடியோவை போனில் பார்ப்பது.

2023 ஏப்ரலில் நடாஷா எதிரிசூரிய மேடையேறிய ‘மோடாபிமானய’ (மூடர்களின் பெருமை) நிகழ்ச்சியில் முதல் சபை சிரித்தது, இரண்டாவது கொதித்தது. பௌத்தத்தை இழிவுபடுத்தினார் என்று மே இறுதியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் அவரைக் கைது செய்தார்கள். ஜூலை 5இல்தான் கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது.

“அவங்கட மார்க்கத்தப் பேசினா புடிக்கத்தானே செய்வாங்க, நமக்கென்ன?” என்று இங்கே ஹாலிஎலயில் தேத்தண்ணிக் கடையில் கேட்டேன். நமக்கு நிறைய இருக்கிறது.

பாவிக்கப்பட்டது 2007இன் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். பாகுபாட்டை, பகைமையை, வன்முறையைத் தூண்டும் வெறுப்புப் பேச்சையே அதன் 3ஆம் பிரிவு தடுக்கிறது. மனம் நோவது வேறு, தூண்டுவது வேறு. அந்த வித்தியாசம் மறந்ததால் 2019 மே மாதம், நம்ம மஹியங்கனைக்கு அடுத்த ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் இதே சட்டத்தில் கைதானார். உடுப்பிலிருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்றார்கள். 2020இல் ரம்ஸி ராஸிக் ஒரு முகநூல் பதிவுக்காக ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அது உரிமை மீறல் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

மார்க்கம் கேலியாகும் சபையில் என்ன செய்வது? பேச்சு மாறும்வரை அங்கே உட்காராதிருக்கச் சொல்கிறது அந்நிஸாவின் 140ஆவது வசனம். எழும்பிப் போவதும் ஒரு பதில்தான். அடுத்தவரை அடைக்கும்போது நாம் கைதட்டினால், அந்தக் கதவு நமக்கும் திறந்தே இருக்கும்.