கூட்டமாக வந்தால் படம் கெடும்

20 நானோமீட்டர் தடிமனே உள்ள அலுமினியப் படலம். அதன்மேல் ஒரு லேசர் துடிப்பு விழுகிறது. 3.5 பிக்கோ நொடியில் அணுக்களின் வரிசை குலைந்து உலோகம் உருகிவிடுகிறது. பிக்கோ நொடி என்பது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டுவைன் மில்லரின் குழு 2003இல் இதைப் பதிவுசெய்தது. பதிவானது புகைப்படமல்ல, அணு அடுக்கில் பட்டுச் சிதறிய எலெக்ட்ரான்கள் வரைந்த வளையங்கள். அடுக்கு குலைந்ததும் வளையங்கள் மங்கின.

2 லட்சம் வோல்ட்டில் முடுக்கிய எலெக்ட்ரானின் அலைநீளம் 0.0025 நானோமீட்டர், அணுக்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. ஆகவே கூர்மைக்குக் குறைவில்லை, சிக்கலெல்லாம் நேரத்தில்தான். வழக்கமான எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எலெக்ட்ரான்களை உமிழும் துப்பாக்கி ஓயாமல் சுட்டுக்கொண்டே இருக்கும். வேகமாக அசைவதெல்லாம் அதில் கலங்கிப்போகும். எனவே ஆய்வாளர்கள் துப்பாக்கியின் விசையை லேசரிடம் ஒப்படைத்தார்கள். லேசர் துடிப்பு துப்பாக்கியிலுள்ள உலோகத்தில் படும்போது மட்டும் எலெக்ட்ரான் வெளியேறும். ஐன்ஸ்டைன் 1905இல் விளக்கிய அதே ஒளிமின் விளைவுதான்.

ஆனால் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும். படம் விட்டதும் தியேட்டர் வாசலில் நெருக்கியடித்து வரும் கூட்டம் தெருமுனையை எட்டுவதற்குள் நீண்டுவிடுவதுபோல, எலெக்ட்ரான் துடிப்பும் வழியிலேயே நீண்டுவிடும். மில்லர் குழு துப்பாக்கியை மாதிரிக்கு மிக அருகில் வைத்து, துடிப்பைச் சுமார் 600 ஃபெம்டோ நொடிக்குள் அடக்கியது. ஆயிரம் ஃபெம்டோ நொடி சேர்ந்தால் ஒரு பிக்கோ நொடி.

1999இல் வேதியியல் நோபல் பெற்ற எகிப்தியர் அகமது ஸெவைல், கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் வேறு வழி பார்த்தார். கூட்டம்தானே தொல்லை? துடிப்புக்குச் சராசரியாக ஓர் எலெக்ட்ரானை மட்டும் அனுப்பினால் தள்ளுவதற்கு ஆளே இல்லை. இத்துறையில் இதைவிடத் துணிச்சலான யோசனை இருப்பதாகத் தோன்றவில்லை. ஓர் எலெக்ட்ரானால் ஒரு புள்ளிதான் கிடைக்கும். கணக்கற்ற துடிப்புகளைச் சேர்த்தால்தான் படம். அதற்கு ஒவ்வொரு முறையும் மாதிரி பழைய நிலைக்கே திரும்பவேண்டும். உருகிய அலுமினியம் அப்படித் திரும்பாது. டொரன்டோவில் ஒவ்வொரு சுடுதலுக்கும் படலத்தை நகர்த்திப் புது இடம் தரவேண்டியிருந்தது.

அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகமோ கூட்டத்தையே வேகத்தால் மடக்கியது. ஒளிவேகத்தில் 99 சதவீதத்தை எட்டும் எலெக்ட்ரான்களிடையே காந்த ஈர்ப்பு எழுந்து, மின்விலக்கத்தை ஏறக்குறையச் சமன்செய்துவிடுகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் கிளாஸ் ரோப்பர்ஸ் குழு எதிர்த்திசையில் போனது: கூரிய டங்ஸ்டன் ஊசிமுனையிலிருந்து சில எலெக்ட்ரான்களை மட்டும் கிளப்பி, 200 ஃபெம்டோ நொடித் துடிப்பை ஒரு நானோமீட்டர் அகலத்துக்குக் குவித்துவிட்டது. பிறப்பிடம் சிறியதாக இருந்தால்தான் இவ்வளவு இறுக்கமாகக் குவிக்க முடியும்.